குரைக்காத குற்றமும் குரைத்த குற்றமும்

கி.மு. 390 வாக்கில் கால் இனத்துப் படை ரோம் நகருக்குள் புகுந்து சூறையாடியது. தப்பியவர்கள் காப்பிட்டோலின் குன்றின் மேல் ஒடுங்கிக் கிடந்தார்கள். ஒருநாள் இரவு எதிரிகள் பாறையைப் பற்றிக்கொண்டு சத்தமில்லாமல் மேலே ஏறினார்கள். காவலாளிகள் தூங்கிவிட்டார்கள். நாய்களும் வாயைத் திறக்கவில்லை. ஜூனோ தேவதையின் கோயிலில் வளர்ந்த வாத்துகள்தான் கத்தி ஊரை எழுப்பின. லிவி எழுதிவைத்த இந்தக் கதையில் எவ்வளவு உண்மை என்பது தனி விவாதம். அதையொட்டி வந்த சடங்கு மட்டும் நிஜம். ரோமானியர்கள் ஆண்டுதோறும் ஒரு வாத்தைப் பல்லக்கில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். கூடவே நாய்களைச் சிலுவையில் அறைந்தார்கள். பல தலைமுறைக்கு முந்தைய நாய்கள் குரைக்காமல் இருந்த குற்றத்துக்கு, அன்று பிறந்திருக்காத நாய்களுக்குத் தண்டனை.

இன்றைக்கு எந்த ஊரிலும் குரைக்காத நாயை யாரும் தண்டிப்பதில்லை. கோலாலம்பூர் அடுக்குமாடியில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பும், சிங்கப்பூர் வீவக புளோக்கில் கதவிடுக்கில் செருகிய துண்டுச்சீட்டும் நேர்மாறான குற்றத்தைத்தான் சொல்கின்றன: 'உங்கள் நாய் ஓயாமல் குரைக்கிறது.' இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் குற்றம் அப்படியே தலைகீழாகிவிட்டது. நாய் அதிகம் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த சுவர்தான் மாறியது. சின்ன நாயின் பெரிய சத்தத்தை எப்படி அடக்குவது என்று கேட்பவர்களுக்கு நாய்ப் பயிற்சிக் கையேடுகள் நிறையவே இருக்கின்றன. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் கையேட்டை மட்டும் புரட்டினால், நாம் அடக்கப் பார்ப்பது நாமே விதைத்த ஒன்று என்பது பிடிபடாது.

கேட்டு வாங்கிய குரல்

ஓநாய்கள் குரைக்கும். ஆனால் அபூர்வமாக, கூட்டத்தை எச்சரிக்க, ஓரிரு முறை சன்னமாக. வளர்ந்த நாய்தான் எல்லாவற்றுக்கும் குரைக்கிறது. ஆள் வந்தால், ஆள் போனால், பந்தைப் பார்த்தால், தனியாக விட்டால், பக்கத்து நாய் குரைத்தால். மனிதரோடு சேர்ந்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இந்தக் குரல் பெருகியது. பெருகும்படி மனிதரும் பார்த்துக்கொண்டார்கள். முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி விரிவாக எழுதிய கொலுமெல்லா, பண்ணை வீட்டைக் காக்கும் நாய் கறுப்பாக இருக்க வேண்டும், பெரிய தலையும் பெருங்குரலும் வேண்டும் என்று பட்டியல் போடுகிறார். பகலில் பார்த்தால் பயம் வர வேண்டும். இரவில் அது கண்ணுக்குத் தெரியக்கூடாது, குரல் மட்டும் கேட்க வேண்டும். அதாவது அந்த நாயை வாங்கியதே அதன் குரலுக்காக.

தமிழிலும் குரைத்தல் ஒரு காலத்தில் இழிந்த சொல் இல்லை. கடல் குரைத்தது; அது குரைகடல். வீரன் காலில் கட்டிய கழல் குரைத்தது, அது குரைகழல். பொருள் என்னவோ வெறும் ஒலித்தல்தான். பிறகு அந்தச் சொல் நாயோடு ஒட்டிக்கொண்டது. நாய் இழிந்தபோது சொல்லும் இழிந்தது. இன்றைக்கு ஒருவரைப் பார்த்து 'என்ன குரைக்கிறே' என்றால் அடிதடியில்தான் முடியும்.

சின்ன நாய்களின் கதை இன்னும் தெளிவானது. டெரியர் என்ற பெயர் மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நரியும் வளைக்கரடியும் பதுங்கிய வளைக்குள் நுழைவதற்கென்றே உருவாக்கிய நாய்கள் அவை. டாஷ்ஹண்ட் என்றால் ஜெர்மன் மொழியில் வளைக்கரடி நாய். வளைக்குள் போன நாய் அந்த மிருகத்தை மடக்கி நிறுத்தி விடாமல் குரைக்க வேண்டும். மேலே மண்வெட்டியோடு நிற்கும் வேட்டைக்காரர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்வார். குரைப்பதை நிறுத்திய நாய் வேலைக்கு ஆகாது. குட்டையான காலும் உடம்புக்குப் பொருந்தாத கனத்த குரலும் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தகுதிகள்.

திபெத்திய மடங்களில் வேறு ஓர் ஏற்பாடு. வாசலில் பெரிய மஸ்டிஃப் நாய். உள்ளே கட்டிடத்துக்குள் லாசா அப்சோ. பெரியது தடுக்கும். சின்னது எச்சரிக்கும். காது கூர்மையான அந்தச் சின்ன நாயின் வேலை ஓர் அழைப்புமணியின் வேலை. பொமரேனியனின் மூதாதைகள் வட ஐரோப்பியப் பண்ணைகளில் காவல் இருந்த ஸ்பிட்ஸ் வகை நாய்கள். 1888இல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து மார்கோ என்ற சிறிய பொமரேனியனை வாங்கி வந்தார். மகாராணி வைத்திருப்பதைப் போலவே எல்லோருக்கும் வேண்டும் என்றானது. வளர்ப்பவர்கள் போட்டி போட்டுக்கொண்டு நாயைச் சிறிதாக்கினார்கள். இன்று ஏறக்குறைய 3 கிலோ எடையில் மடியில் உட்கார்ந்திருக்கிறது. உடம்பைச் சுருக்கினார்களே தவிர, காவல்கார மூளையைச் சுருக்க யாரும் மெனக்கெடவில்லை.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

நம் ஊர்ப் பக்கம் வருவோம். மலாயாத் தோட்டத்து லயங்களில் நாய் இல்லாத வரிசையைப் பார்ப்பது அரிது. பால்மரம் வெட்ட விடியலுக்கு முன் கிளம்பியவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் நாய் ஓடியது. பாம்பு, காட்டுப்பன்றி, முன்பின் தெரியாத ஆள் எதுவாக இருந்தாலும் முதல் தகவல் நாயிடமிருந்துதான் வந்தது. இரவில் ஒரு கோடியில் ஒன்று குரைத்தால் மறுகோடி வரை தொடரும். 'யாரோ வராங்க' என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரைப்பு ஒரு வீட்டுக்குச் சொந்தமானது இல்லை. வரிசைக்கே பொதுவானது. அதைப் பற்றி யார் யாரிடம் புகார் செய்வது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறியபோது அங்கிருந்தவர்களில் பலர் நகரத்து ஓரங்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். சட்டி பானை வந்தது, சாமி படம் வந்தது. நாய் பெரும்பாலும் வரவில்லை. வந்த நாய்க்கும் அதன் வேலை புரியவில்லை. லயத்தில் ஒரு நாளைக்கு நாலு புது ஆள் வந்தால் அதிசயம். அடுக்குமாடியின் நடைவழியில் நிமிடத்துக்கு ஒருவர் கதவைத் தாண்டிப் போகிறார். ஒவ்வொருவரையும் அறிவிப்பது நாயின் கணக்கில் கடமை. பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் தொல்லை. அந்தப் பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம் இருந்தால் சமயம் சார்ந்த சங்கடமும் சேர்ந்துகொள்ளும். பலர் அதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டதும் உண்டு; பொறுக்க முடியாமல் போனதும் உண்டு.

மலேசியாவில் இந்தப் பொறுமையின் எல்லையைச் சட்டமே வரைந்துவிட்டது. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகள், மற்ற உரிமையாளர்களுக்குத் தொந்தரவு தரும் பிராணியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்கின்றன. நிர்வாகம் எழுத்து மூலம் அறிவித்தால் மூன்று நாளில் அப்புறப்படுத்த வேண்டும். மூன்று நாள்! ஒரு நாய்க்கு 'உட்கார்' என்று சொல்லிக்கொடுக்கவே பலருக்கு அதற்கு மேல் ஆகிறது.

சிங்கப்பூரின் வழி வேறு. 1960இல் அமைந்த வீவக, கம்பத்து மக்களை ஒரே தலைமுறையில் மேலே தூக்கிக் குடிவைத்தது. கம்பத்தில் கட்டாமல் திரிந்த நாய்க்கு அடுக்குமாடியில் இடமில்லை. பிறகு அளவு வைத்து அனுமதி வந்தது. வீட்டுக்கு ஒரு நாய், தோள் உயரம் 40 சென்டிமீட்டருக்குள், எடை 10 கிலோவுக்குள், அதுவும் அங்கீகரித்த இனங்களின் பட்டியலிலிருந்து. மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். தத்தெடுக்கும் கலப்பின நாய்களுக்கு மட்டும் பின்னாளில் ஒரு தனித் திட்டத்தில் இந்த அளவைச் சற்றுத் தளர்த்தினார்கள்.

நிர்வாகம் அளவுகோலையும் தராசையும் கையில் எடுத்தது. நியாயம்தான், அளக்கக்கூடியதைத்தான் சட்டம் அளக்கும். ஆனால் உயரத்தை அளந்தவர்கள் குரலை அளக்கவில்லை. டாஷ்ஹண்ட், யார்க்‌ஷயர் டெரியர், சில்கி டெரியர், லாசா அப்சோ, பொமரேனியன், சிவாவா எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. மேலே சொன்ன வரலாற்றில் குரைப்பதற்கென்றே வளர்த்த குடும்பங்கள் இவற்றில் பல. உலகில் மிகக் குறைவாகக் குரைக்கும் இனங்களில் ஒன்றான கிரேஹவுண்ட் ஓட்டப் பந்தயம் முடிந்தால் நாளெல்லாம் சோபாவில் தூங்கும். அதற்கு இடமில்லை, உயரம் அதிகம். சுவர் மெலிந்த வீடுகளுக்குள் அழைப்புமணி நாய்களை அனுப்பிவிட்டு, மணி அடிக்கிறதே என்று பிறகு நியாயமன்றம் அமைக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டின் சமூகப் பூசல் தீர்வுச் சட்டம், அண்டை வீட்டார் தொடுக்கக்கூடிய வழக்குகளில் வளர்ப்புப் பிராணியின் மிதமிஞ்சிய சத்தத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

அடக்கிய வழிகள்

குரைப்பைக் குறைக்க மனிதர் கண்ட வழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நாயை அந்தந்தக் காலம் என்னவாக நினைத்தது என்பது தெரிந்துவிடும்.

முதல் வழி, இனத்தையே மாற்றுவது. இதற்கு நல்ல சாட்சி ஜப்பானிய ஸ்பிட்ஸ். போருக்குப் பிந்தைய ஜப்பானில், 1950களில் அந்த வெள்ளைப் பஞ்சு நாய்க்குப் பெரிய மோகம். வீடுகள் சிறியவை, நெருக்கமானவை. நாயோ சதா கத்திக்கொண்டிருந்தது. 'ஸ்பிட்ஸ் என்றால் சத்தம்' என்று பெயர் கெட்டு மோகம் வடிந்தது. மீதமிருந்த வளர்ப்பாளர்கள் அமைதியான நாய்களைத் தேர்ந்து தேர்ந்து இனப்பெருக்கம் செய்தார்கள். அந்த இனத்துக்கான சர்வதேச இலக்கணத்திலேயே இன்று 'சத்தம் போடும் இயல்பு கூடாது' என்ற விதி உண்டு. குரலும் மரபில் வருவதுதான், மாற்றினால் மாறும் என்பதற்கு இது வாழும் ஆதாரம். ஆய்வகத்திலும் இதைப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டு நடத்திய ஆய்வு 1965இல் நூலாக வந்தது. காங்கோ வேட்டைக்காரர்களின் பாசென்ஜி நாய் அநேகமாகக் குரைப்பதே இல்லை. காட்டில் அது எங்கே இருக்கிறது என்று தெரிய அதன் கழுத்தில் மணி கட்டுவார்கள். அதையும் காக்கர் ஸ்பேனியலையும் பக்கத்தில் வைத்து எண்ணினார்கள். ஒரு காக்கர் பத்து நிமிடத்தில் 907 முறை குரைத்தது. அதைத் திட்டி என்ன பயன்?

இரண்டாவது வழி, வலி. 1910இல் கோன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மன் அதிகாரி எழுதிய பயிற்சி நூல் காவல்துறை, ராணுவ நாய்களுக்கானது. கட்டளை, கீழ்ப்படிதல், தவறினால் கழுத்துப்பட்டையில் ஓர் இழுப்பு. அந்த ராணுவ முறை போர்களுக்குப் பின் வீட்டு நாய்க்கும் வந்தது. பிறகு மின்சாரம் வந்தது. குரைத்தால் கழுத்தில் அதிர்ச்சி தரும் பட்டை. குரல் நிற்கலாம், ஆனால் குரைக்க வைத்த பயம் நிற்காது. கதவுக்கு வெளியே ஆள் நடந்தாலே கழுத்தில் வலிக்கிறது என்று நாய் முடிச்சுப் போட்டுக்கொண்டால், அது ஆளைக் கண்டு இன்னும் நடுங்கும், சில நேரம் கடிக்கும். 2010இல் வேல்ஸ் இந்தப் பட்டையைத் தடை செய்தது. அதற்கு மாற்றாக வந்தது சிட்ரோனெல்லா வாசனையைப் பீய்ச்சும் பட்டை. வலி இல்லை, எரிச்சல் மட்டும். ஆனால் 2001இல் டெபோரா வெல்ஸ் வெளியிட்ட ஆய்வில், வாரங்கள் போகப் போக நாய்கள் அந்த வாசனைக்குப் பழகிக்கொண்டன. மீண்டும் குரைக்கத் தொடங்கின.

மூன்றாவது வழி, கத்தி. குரல்நாண் திசுவை வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சை. நாய் குரைக்கும் உந்துதல் அப்படியே இருக்கும், வாய் திறக்கும், கழுத்து நிமிரும், வருவது கரகரத்த இருமல் மாதிரி ஒன்று. 1987இல் ஐரோப்பிய அவை உருவாக்கிய வளர்ப்புப் பிராணிகள் உடன்படிக்கை, மருத்துவக் காரணமின்றி இதைச் செய்யக் கூடாது என்றது. வாலை வெட்டுவது, காதை வெட்டுவது எல்லாம் அதே பட்டியலில் வருகின்றன. ரோமில் குரைக்காததற்குச் சிலுவை. இருபதாம் நூற்றாண்டில் குரைத்ததற்குக் கத்தி.

யார் அது?

நான்காவது வழி மெதுவானது. அது நாயிடம் ஒரு கேள்வி கேட்பதில் தொடங்குகிறது: எதற்காகக் குரைக்கிறாய்?

குரைப்பில் சேதி இருக்கிறது என்பதை ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2005இல் சோதித்துக் காட்டினார்கள். மூடி என்ற இனத்து நாய்கள் வெவ்வேறு சூழலில் குரைத்ததைப் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்நியர் வந்தபோது குரைத்ததா, தனியாகக் கட்டிப்போட்டபோதா, விளையாடும்போதா என்று, நாயே வளர்க்காதவர்களும் குருட்டாம்போக்கைவிட நன்றாகவே சொன்னார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது செய்தியே இல்லை. பாம்புக்குக் குரைப்பது வேறு, தபால்காரருக்குக் குரைப்பது வேறு என்று பாயில் படுத்தபடியே சொல்வார்கள்.

காரணம் தெரிந்தால் வைத்தியம் பிரிகிறது. 1900களின் தொடக்கத்தில் பாவ்லோவ் காட்டியது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்: சத்தம் கேட்டதும் சாப்பாடு வந்தால், சத்தத்துக்கே எச்சில் ஊறும். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்தபடியே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான். இன்று நாய்ப் பயிற்சியாளர்கள் செய்வது இதைத்தான். மின்தூக்கி மணியோசையைக் கைபேசியில் பதிவு செய்து, நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்கு மெல்ல ஒலிக்கவிட்டு, உடனே ஒரு துண்டு கோழியிறைச்சி. நாளுக்கு நாள் ஒலியைக் கூட்டுவது. நடுவில் நாய் குரைத்துவிட்டால் அவசரப்பட்டோம் என்று பொருள், ஒரு படி இறங்க வேண்டும். சில வாரங்களில் மணி அடித்தால் நாய் கதவைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கும்.

ஸ்கின்னர் 1951இல் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். டால்பின் பயிற்சியாளர் கேரன் பிரையர் 1984இல் எழுதிய நூல் அந்தக் கொள்கையைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோனது. பலன் கிடைக்கும் செயல் வளரும், கிடைக்காதது தேயும். கவனம் கேட்டுக் குரைக்கும் நாய்க்கு 'சும்மா இரு' என்று கத்துவதும் ஒரு பலன்தான். எஜமானரும் சேர்ந்து குரைக்கிறார் என்று அது எடுத்துக்கொள்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது வாயை மூடிய மூன்றாவது நொடியில் பாராட்ட வேண்டும். இதில் ஒரு கண்டம் உண்டு. வழக்கமான பலன் கிடைக்காதபோது குரைப்பு குறைவதற்கு முன் ஒரேயடியாக உச்சத்துக்குப் போகும். பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் தோற்று, ஒரு பிஸ்கட்டைப் போட்டு வாயை அடைப்பார்கள். அடுத்த முறை நாய் நேராக அந்த உச்சத்திலிருந்தே ஆரம்பிக்கும். இதைப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

தனியாக விட்டால் குரைப்பது வேறு நோய். அது திமிர் இல்லை, கலக்கம். அதற்கு அலட்சியமும் உதவாது, தண்டனையும் உதவாது. ஒரு நிமிடம் வெளியே போய் வருவது, பிறகு இரண்டு, பிறகு ஐந்து என்று பழக்க வேண்டும். முற்றியிருந்தால் கால்நடை மருத்துவரைப் பார்ப்பதுதான் வழி.

எல்லாம் சொல்லிவிட்டு நாயை மட்டும் குறை சொல்ல முடியாது. 2010இல் வெளியான வியன்னா ஆய்வொன்று 1,276 நாய் உரிமையாளர்களிடம் கேள்விகள் கேட்டது. சின்ன நாய் வைத்திருப்பவர்கள் பயிற்சியிலும் விளையாட்டிலும் குறைவாகவே நேரம் செலவழித்தார்கள். ஒருநாள் ஒரு விதமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் நடந்துகொண்டார்கள். அவர்களுடைய நாய்கள் கீழ்ப்படிதல் குறைந்தும் பரபரப்பு கூடியும் இருந்தன. ஆளுயர நாய் குரைத்தால் பயிற்சிக்கு அனுப்புகிறோம். மூன்று கிலோ நாய் குரைத்தால் சிரித்துக்கொண்டே தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறோம், அல்லது ஒரு நாள் பொறுமை போய் அடிக்கிறோம். அதை நாயாகவே யாரும் நடத்துவதில்லை.

இந்த மெதுவான வழிக்கு ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். விதிமுறை கொடுப்பது மூன்று நாள். பயிற்சியாளருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். இரண்டு வேலை பார்க்கும் வீட்டில் மணியோசைக்குக் கோழித்துண்டு போட ஆள் வேண்டும். அதனால்தான் வசதியுள்ளவரின் நாய் அமைதியாகிறது. மற்றவரின் நாய் ஒருநாள் காணாமல் போகிறது. காப்பகத்துக்குப் போனதா, செம்பனைத் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டதா என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. ஒரு மாதக் கால அவகாசமும் நிர்வாகத்தின் தயவில் ஒரு சமரசப் பேச்சும் விதியிலேயே இருந்தால், இதில் பாதியைத் தவிர்க்கலாம்.

லயத்து நாய் அந்த வரிசையில் குடியிருந்த எவரையும் பார்த்துக் குரைத்ததில்லை. எல்லார் வீட்டுச் சோறும் அதற்குத் தெரியும், எல்லார் நடையும் தெரியும். அடுக்குமாடி நாய்க்கு அடுத்த கதவுக்காரரே அந்நியர். நமக்கும் அப்படித்தான் என்பது வேறு விஷயம். புகார் வருவதற்கு முன்பே, நாயைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டி, விருப்பமுள்ளவர் கையால் ஒரு துண்டு உணவு கொடுக்கச் சொல்வது எந்தக் கழுத்துப்பட்டையைவிடவும் மலிவு. நாயைத் தொட விரும்பாதவர் என்றால் கதவருகே நின்று நாலு வார்த்தை பேசினாலே போதும். அந்தக் குரலை நாய் தெரிந்துகொள்ளும்.